வயித்தைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

முதல்லயே சொல்லிடறேன். இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோவமான பதிவு. பொட்டி தட்டறவனுக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரத்துல என்ன வேலைன்னு கேக்கப் போறவங்களுக்குக் கீழே தனியா ஒரு பத்தி ஒதுக்கியிருக்கேன். பொறுமையா வாங்க.

நம்ம ஊர்ல 'ஆஞ்சியோ'ன்னு சொன்னா எல்லாரும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்குவாங்க. தொடையிலயோ மணிக்கட்டுலயோ சின்னதா ஓட்டை போட்டு, குழாயை விட்டு, இதயத்துல இருக்கிற அடைப்பை எடுப்பாங்க என்பது டீக்கடை பெஞ்சு வரைக்கும் தெரிஞ்ச விஷயம். எந்த ஆஸ்பத்திரியில அது பண்றாங்கன்னு ஆட்டோக்காரர் கூட சொல்லிடுவார்.

அதே ஓட்டை வழியா, அதே மாதிரி ஒரு குழாயை விட்டு, கல்லீரலுக்குள்ள பிய்ச்சுக்கிட்டு ரத்தம் கொட்டற குழாயை உள்பக்கமிருந்தே அடைக்கலாம். அடைப்பை எடுக்கிறதுக்கு நேர் எதிர். வேணும்னே அடைப்பை உண்டாக்கறது. இதுக்குப் பேர் எம்போலைசேஷன். இதைப் பண்றவர் சர்ஜன் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். இந்தப் பேரை உங்கள்ல எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? மனசுக்குள்ளயே கையைத் தூக்குங்க. என் நண்பர்கள் பத்து பேர்கிட்ட கேட்டேன். எல்லாரும் இஞ்சினியருங்க. ஒன்பது பேர் "எக்ஸ்ரே எடுக்கறவரா?"ன்னாங்க.

என் வாதம் ஒண்ணே ஒண்ணுதான். பித்தநாளத்துக்குள்ள ரத்தம் கொட்டற நோயாளியோட வயித்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி, "இதை எம்போலைசேஷன்ல அடைக்க முடியுமா? இங்கே இல்லைன்னா எங்கே?"ங்கிற கேள்வி கேக்கப்பட்டே ஆகணும். டாக்டர் கேக்கணும். அவர் கேக்கலைன்னா நாம கேக்கணும். நிறைய இடத்துல இந்தக் கேள்வி எழறதே இல்லை. அதுதான் என் கோவம்.

என்ன வியாதி இது?

பித்தநாளத்துக்குள்ள ரத்தம் கசியறதுக்கு மருத்துவப் பேர் ஹீமோபிலியா. கவனிங்க, ஹீமோஃபிலியா இல்லை. அது பரம்பரையா வர்ற ரத்தம் உறையாத நோய். இது வேற. நடுவுல ஒரே ஒரு ஆய்த எழுத்துதான் வித்தியாசம். போன்ல சொல்லும்போது சொந்தக்காரங்க பாதிப் பேர் அந்த ஆய்த எழுத்துலயே வழி தவறிப் போயிடறாங்க.

கல்லீரலுக்குள்ள மூணு குழாய்ங்க ஒண்ணா ஒரே உறைக்குள்ள ஓடுது. தமனி, போர்ட்டல் சிரை, பித்தநாளம். ஒரே சுவருக்குள்ள மோட்டார் தண்ணி பைப்பையும் சாக்கடை பைப்பையும் ஒட்டி ஒட்டிப் பதிச்ச ஃபிளாட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. தமனியில ரத்தம் முழு அழுத்தத்துல ஓடுது. பித்தநாளத்துல அழுத்தம் ரொம்பக் கம்மி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊசி போனாலோ, அடிபட்டுக் கிழிஞ்சாலோ, தமனி ரத்தம் நேரா பித்தநாளத்துல பாயும். அங்கிருந்து சிறுகுடலுக்கு வரும். வாந்தியில ரத்தமா வரலாம். தார் மாதிரி கருப்பா மலத்துல போகலாம். நடுவழியில உறைஞ்சு பித்தநாளத்தை அடைச்சா வலி வரும், மஞ்சள் காமாலை வரும்.

வலி, காமாலை, ரத்தப்போக்கு. இந்த மூணையும் சேர்த்து 1871ல குவின்கே என்கிற ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சார். பரீட்சைக்குப் படிக்கிறவங்க மனப்பாடம் பண்ற மூணு. ஆனா 2001ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில 222 நோயாளிகளோட விவரங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. அதுல இந்த மூணும் ஒண்ணா இருந்தது 22 சதவீதம் பேருக்குத்தான். அதாவது அஞ்சுல நாலு பேர் புத்தகத்துல இருக்கிற மாதிரி வந்து நிக்க மாட்டாங்க.

அதே கட்டுரையில இன்னொரு விஷயம். கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு கேஸ்ல காரணம் மருத்துவச் செய்முறைதான். கல்லீரல்ல ஊசி போட்டு சதை எடுக்கிற பயாப்ஸி, அடைபட்ட பித்தநாளத்துக்குத் தோல் வழியா டியூப் போடறது, பித்தப்பை ஆபரேஷன். மிச்சம் விபத்து, கட்டி, இன்ன பிற.

இதுல பெரிய வில்லங்கம் என்னன்னா, ரத்தம் உடனே வரணும்னு அவசியமில்லை. தமனி சுவர்ல காயம் பட்ட இடம் மெதுவா குமிழி மாதிரி உப்பி, நாள் கழிச்சு, சில சமயம் வாரங்கள் கழிச்சு வெடிக்கும். அப்புறம் தானே உறைஞ்சு நின்னுடும். "நின்னுடுச்சு, சரியாப் போச்சு"ன்னு எல்லாரும் நிம்மதியா மூச்சு விடும்போது மறுபடி கொட்டும்.

புதுசா ஒண்ணும் இல்லை

"இதெல்லாம் இப்ப வந்த லேட்டஸ்ட் டெக்னாலஜி, நம்ம ஊருக்கு வர நாளாகும்"னு ஒரு சமாதானம் சொல்லுவாங்க. வருஷக் கணக்கைப் பாருங்க.

1654ல இங்கிலாந்துல ஃபிரான்சிஸ் கிளிஸன், வாள் சண்டையில அடிபட்டு இப்படி ரத்தம் போய் இறந்த ஒரு இளைஞரைப் பத்தி எழுதினார். மேலே சொன்ன மூணு குழாய்களைச் சுத்தியிருக்கிற உறைக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். 1948ல ஃபிலிப் சாண்ட்ப்ளோம் இந்த நோய்க்கு இப்போதைய பேரை வச்சார். 1953ல ஸ்வீடன்ல செல்டிங்கர், ஊசி குத்தி, அது வழியா கம்பி விட்டு, கம்பி மேல குழாயைத் தள்ளற உத்தியைச் சொன்னார். இன்னிக்கு உலகம் முழுக்க நடக்கிற ஆஞ்சியோ எல்லாத்துக்கும் அஸ்திவாரம் அது.

1964 ஜனவரி. அமெரிக்காவுல போர்ட்லேண்ட் நகரம். 82 வயசுப் பாட்டி, கால் அழுகிப் போச்சு, எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. பாட்டி முடியாதுன்னுட்டாங்க. சார்லஸ் டாட்டர் என்கிற ரேடியாலஜிஸ்ட் குழாய் விட்டே அடைப்பை விரிச்சுக் காலைக் காப்பாத்தினார். அந்தக் காலத்துல அவருக்கு நோயாளியை அனுப்பின சர்ஜன், 'படம் மட்டும் எடுங்க, சரி பண்ணக் கிளம்பிடாதீங்க'ங்கிற அர்த்தத்துல சீட்டு எழுதி அனுப்பினதும் வரலாறு. வரப்புத் தகராறு அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு :-)

1972ல டாட்டரும் ரோஷும் அவங்க குழுவும் வயித்துல ரத்தம் கசிஞ்ச தமனியை உள்ளிருந்தே அடைச்சதை வெளியிட்டாங்க. 1975ல ஜியான்டுர்கோ குழு, ரத்தக்குழாயை அடைக்கிற சுருள்கம்பியைக் கொண்டு வந்தது. 1976ல, கல்லீரல் பயாப்ஸிக்கு அப்புறம் பித்தநாளத்துல கொட்டின ரத்தத்தை வால்டர் குழு எம்போலைசேஷன்ல நிறுத்தினதா மருத்துவ இதழ்ல கட்டுரை வந்தாச்சு.

1976! நான் மட்டுமில்லை, இதைப் படிக்கிற பாதிப் பேர் பிறக்கவே இல்லை. அரை நூற்றாண்டு விஷயத்தை இன்னும் 'லேட்டஸ்ட்'னு சொல்லிக்கிட்டிருந்தா அது டெக்னாலஜியோட குத்தம் இல்லை.

எப்படிப் பண்றாங்க?

தொடைப் பக்கம் மரத்துப்போக ஊசி. பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. சின்னத் துளை. அது வழியா குழாய் மகாதமனிக்குப் போய், அங்கிருந்து கல்லீரல் தமனிக்குத் திரும்பும். மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தா, எந்தக் கிளை ஒழுகுதுன்னு திரையில தெரியும். பெரிய குழாய்க்குள்ள ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூட இல்லாத குட்டிக் குழாய் ஒண்ணை விட்டு, அந்தக் கிளைக்கே போயிடுவாங்க. அங்க சுருள்கம்பி வைப்பாங்க. இடத்தைப் பொறுத்து ஜெல் ஸ்பான்ஞ்ச், பசை, சின்னத் துகள்கள். சில சமயம் உறை போட்ட ஸ்டென்ட்.

இதுல ஒரு அழகு உண்டு. குமிழிக்கு இந்தப் பக்கம் மட்டும் அடைச்சா போதாது. கல்லீரல்ல கிளைகளுக்குள்ள பின்வாசல் தொடர்பு உண்டு. அதனால குமிழியைத் தாண்டிப் போய் முதல்ல பின்வாசலை அடைச்சுட்டு, அப்புறம் பின்னாடியே வந்து முன்வாசலை அடைப்பாங்க. கோட் எழுதற எவனுக்கும் இதைக் கேட்டா கை தட்டத் தோணும்.

"தமனியை அடைச்சா கல்லீரல் செத்துடாதா?" நானும் முதல்ல இதைத்தான் கேட்டேன். கல்லீரலுக்கு ரெண்டு சப்ளை. வர்ற ரத்தத்துல சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியா வருது, கால் பங்குதான் தமனி வழியா. அந்தச் சிரை நல்லா இருந்தா, ஒரு தமனிக் கிளையை அடைச்சாலும் கல்லீரல் பெரும்பாலும் தாங்கிக்கும். வீட்டுல கார்ப்பரேஷன் தண்ணியும் இருக்கு, போரும் இருக்கு. ஒண்ணை மூடினா சமையல் நின்னுடாது.

இப்ப ஆபரேஷனை யோசிங்க. ஏற்கனவே ரத்தம் போய் ஓய்ஞ்சு கிடக்கிற ஆள். முழு மயக்கம். வயித்தைத் திறக்கணும். ஒழுகற இடம் கல்லீரலுக்கு ஆழத்துல, வெளியில இருந்து பார்த்தா தெரியாது. தமனியைக் கட்டணும், இல்லைன்னா கல்லீரல்ல ஒரு பகுதியையே வெட்டி எடுக்கணும். சமீபத்துல ஆபரேஷன் ஆன வயிறுன்னா உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். சுவருக்குள்ள பைப் ஒழுகுதுன்னா முதல்ல வால்வைத் தேடுவோமா, கடப்பாரையைத் தேடுவோமா?

எங்க வீட்டுக் கதை

எங்க சித்தப்பாவுக்கு லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். என் சண்டை ஒரு கட்டடத்தோட இல்லை.

மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டார். பதினாறாம் நாள் மலம் கருப்பாப் போச்சு. பக்கத்து கிளினிக்ல அல்சர்னு மாத்திரை. மறுநாள் ரத்த வாந்தி. மாவட்டத் தலைநகர்ல பெரிய தனியார் ஆஸ்பத்திரி. எண்டோஸ்கோப்பி பண்ணாங்க. "இரைப்பை சுத்தமா இருக்கு, அல்சர் இல்லை"ன்னாங்க. ரத்தம் ஏத்தினாங்க. நின்னுடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம்.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி. இந்தத் தடவை கண்ணும் மஞ்சள். பிரஷர் இறங்கிப் போச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி கையில ஃபாரத்தைக் கொடுத்து, "திறந்து பார்த்தாத்தாம்மா தெரியும், கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. நான் போன்ல இருந்தேன், அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. மயக்க மருந்து கொடுக்க வந்த சின்ன வயசு டாக்டரம்மாதான், "சார், ஒரு சிடி ஆஞ்சியோ பார்த்துடலாமா?"ன்னு மெதுவா கேட்டிருக்காங்க.

சிடி மெஷின் அதே கட்டடத்துல, கீழ்த் தளத்துல இருந்தது. அஞ்சு நாளா இருந்தது. எடுத்தாங்க. வலது கல்லீரல் தமனியில பட்டாணி மாதிரி ஒரு குமிழி.

அப்புறம் ஆம்புலன்ஸ்ல, ரத்தம் ஏறிக்கிட்டே, மூணு மணி நேரப் பயணம். விடியற்காலை கேத் லேப். ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. அஞ்சு சுருள்கம்பி. ரத்தம் நின்னது. ஆறாம் நாள் வீடு. சித்தி என்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "கம்பியை உள்ளயே விட்டுட்டாங்களாமே, துருப்பிடிக்காதாடா?" பிளாட்டினம் சித்தி, அது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னேன். "பிளாட்டினமா? அதான் பில்லு அவ்வளவு வந்திருக்கு."

சிரிச்சோம். அப்புறம்தான் எனக்குக் கோவம் வந்தது. மொத்தம் ஒன்பது பாட்டில் ரத்தம். அதுல ஏழு, குமிழி எங்க இருக்குன்னு யாருமே தேடாத நாட்கள்ல ஏறினது. 'எம்போலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, எங்ககிட்ட இல்லை, இன்ன ஊர்ல இருக்கு'ங்கிற வாக்கியத்தை அந்த அஞ்சு நாள்ல எங்ககிட்ட யாரும் சொல்லலை. அந்த டாக்டரம்மா அன்னிக்கு நைட் டூட்டியில இல்லைன்னா? யோசிக்கவே பிடிக்கலை. ஒரு மனுஷனோட உயிர் டூட்டி சார்ட்டை நம்பி இருக்கக்கூடாது.

வரப்போற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்

"பொட்டி தட்டறவன் டாக்டருக்குப் பாடம் எடுக்கலாமா?"

எடுக்கலை. எந்தக் கிளையில எந்தச் சுருளை வைக்கணும்னு நான் சொன்னா என்னைச் செருப்பால அடிங்க. நான் சொல்றது சிகிச்சையைப் பத்தி இல்லை, தகவலைப் பத்தி. எங்க ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தா, அந்த ஷிஃப்ட்ல இருக்கிற பையனுக்கு அதைச் சரி பண்ணத் தெரியாம இருக்கலாம், தப்பில்லை. ஆனா யாரை எழுப்பணும்னு அவன்கிட்ட ஒரு பட்டியல் இருக்கும். யாரோ ஒரு கம்பெனியோட ஷாப்பிங் வெப்சைட்டுக்கு இருக்கிற அந்தப் பட்டியல், ரத்தம் கொட்டற மனுஷனுக்கு இருக்கணும்னு சொல்ல எம்பிபிஎஸ் தேவையில்லை.

"ஆபரேஷன்தான் நிரந்தரம். இதெல்லாம் ஒட்டுப் போடற வேலை."

மேலே சொன்ன 2001 கட்டுரையிலேயே, மூணுல ஒருத்தருக்கு மேல எம்போலைசேஷன் பண்ணியிருக்காங்க. ரத்தத்தை நிறுத்த ஆபரேஷன் என்பது பெரும்பாலும் எம்போலைசேஷன் தோத்த இடத்துக்கும், வேற காரணத்துக்காக வயித்தைத் திறந்தே ஆகவேண்டிய இடத்துக்கும்தான். பித்தப்பையே அழுகியிருந்தா, அங்கிருந்தே ரத்தம் வந்தா, சர்ஜன்தான் வேணும். எம்போலைசேஷனுக்கும் ஆபத்து உண்டு. மறுபடி ரத்தம் வரலாம். கல்லீரல்ல சீழ் கட்டலாம். பித்தநாளத்துக்கே தமனி வழியாத்தான் ரத்தம் போகுது, அதனால அது பாதிக்கப்படலாம். போர்ட்டல் சிரை அடைபட்டிருந்தாலோ, மாற்றுக் கல்லீரல் வச்சவரா இருந்தாலோ ரொம்ப யோசிச்சுத்தான் கை வைப்பாங்க. இதையெல்லாம் ஒத்துக்கறேன். அதுக்காகத்தான் 'கேள்வி கேக்கணும்'ங்கறேன், 'எல்லாருக்கும் பண்ணுங்க'ங்கலை.

"எண்டோஸ்கோப்பி பண்ணியாச்சே, அதுல தெரியலையே?"

பித்தநாளம் சிறுகுடலோட பக்கவாட்டுச் சுவர்ல திறக்குது. சாதாரண எண்டோஸ்கோப்பி நேரா பார்க்கிற கேமரா. பக்கவாட்டுல இருக்கிறதைத் தவறவிடலாம். பார்க்கிற நேரத்துல ரத்தம் வந்துக்கிட்டிருக்கணும்னும் இல்லை. இரைப்பை சுத்தமா இருக்குங்கிறது விடை இல்லை, அடுத்த கேள்வி. சமீபத்துல கல்லீரல், பித்தப்பை பக்கம் கை வச்ச ஆளுக்கு அல்சர் இல்லாம ரத்தம் போனா, வேற எங்கன்னு தேடணும் இல்லையா?

"இதெல்லாம் பணக்காரன் வைத்தியம்."

சுருள்கம்பி விலை அதிகம்தான். சித்தி சொன்னது சரிதான். ஆனா கணக்கை முழுசாப் போடுங்க. பெரிய ஆபரேஷன், ஐசியூ நாட்கள், பாட்டில் பாட்டிலா ரத்தம், வேலைக்குப் போகமுடியாத மாதங்கள். ஏழைக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகாது. இன்னொண்ணு. இதயத்துக்காக வாங்கின கேத் லேப்லயே பல இடங்கள்ல இந்த வேலையைப் பண்றாங்க. அந்த மெஷின் நம்ம மாநிலத்துல நிறைய ஊர்ல வந்தாச்சு. அதுல இந்த வேலையைப் பண்ணத் தெரிஞ்ச ஆளும், அவரைக் கூப்பிட ஒரு ஏற்பாடும்தான் பல இடத்துல இல்லை.

"பார்த்தீங்களா, இங்கிலீஷ் வைத்தியத்தாலதான் இந்த வியாதியே வருது!"

வாங்க இயற்கை நண்பர்களே, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். மூணுல ரெண்டு பங்கு மருத்துவச் செய்முறையால வருதுங்கிறது உண்மை. அந்த உண்மையை எண்ணிக் கட்டுரையா வெளியிட்டதும் அதே டாக்டருங்கதான். பயாப்ஸி பண்ற பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. அது இல்லாம கல்லீரல் கட்டி என்னன்னே தெரியாது. அடைபட்ட பித்தநாளத்துல சீழ் பிடிச்சா டியூப் போடலைன்னா ஆளே இருக்கமாட்டார். ரத்தம் கொட்டும்போது கஷாயம் கொடுக்கச் சொல்ற பின்னூட்டம் வந்தா வெளியிடுவேன். ஆனா பதிலும் வாங்கிக் கட்டிக்குவீங்க.

அப்ப என்னதான் வேணும்?

இங்கிலாந்துல 2012ல வந்த நைஸ் வழிகாட்டுதல், அல்சர் மாதிரி மேல் குடல் ரத்தப்போக்குல எண்டோஸ்கோப்பிக்கு அப்புறமும் மறுபடி கொட்டி நிலைமை மோசமானா, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜியைக் கொடுங்க, அது உடனே கிடைக்கலைன்னா சர்ஜரிக்கு அனுப்புங்கன்னு வரிசை சொல்லுது. 2015ல அங்கே குடல் ரத்தப்போக்கு நோயாளிகளைப் பத்தி ஒரு தேசிய ஆய்வு வந்தது. இருபத்திநாலு மணி நேரமும் இந்த வசதி ஆஸ்பத்திரியிலயே இருக்கணும், இல்லைன்னா முறையான ஏற்பாட்டுல வேற ஆஸ்பத்திரியோட இணைஞ்சிருக்கணும்னு அது சொல்லுச்சு. கவனிங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் வைக்கச் சொல்லலை. எங்கே இருக்குன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வைக்கச் சொல்றாங்க. பைசா செலவில்லாத பாதி அது.

நான் கேக்கறது நாலு.

1. கல்லீரல் பயாப்ஸி, தோல் வழியா பித்த டியூப், பித்தப்பை ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரி, கையெழுத்து வாங்கற ஃபாரத்துலயே ஒரு வரி எழுதணும்: உள்ள ரத்தம் கசிஞ்சா எம்போலைசேஷன் வசதி எங்ககிட்ட இருக்கு, அல்லது இல்லை, இன்ன இடத்துக்கு அனுப்புவோம்.

2. டிஸ்சார்ஜ் சீட்டுல இன்னொரு வரி: அடுத்த சில வாரத்துல கருப்பு மலம், ரத்த வாந்தி, காமாலை, வலப்பக்க மேல்வயித்து வலி வந்தா அன்னிக்கே வாங்க. எங்கே போனாலும் இந்த ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்க. சித்தப்பாவோட சீட்டுல 'எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும்'னு இருந்தது. இது இல்லை.

3. அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு நடுவுல, மண்டலத்துக்கு ஒண்ணா, ராத்திரியிலயும் எம்போலைசேஷன் கிடைக்கிற இடம் எதுன்னு ஒரு பட்டியல். 2021ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பெடுத்துக்குது. நல்ல திட்டம், பாராட்டறேன். ஆனா பைக்ல விழுந்து கல்லீரல்ல அடிபட்டவனுக்கு இந்தக் குமிழி வெடிக்கிறது ரெண்டாவது வாரத்துல இருக்கலாம். அந்தக் கடிகாரத்துக்கு இந்த வியாதி கட்டுப்படாது. அவனுக்கும் ஒரு வழி வேணும்.

4. இந்தப் படிப்புக்கு இன்னும் நிறைய இடங்கள். அதைப் படிச்சவங்களுக்கு மாவட்டத்துல வேலை. ஆள் இல்லாம மெஷின் மட்டும் என்ன பண்ணும்?

நாலாவதுக்கு வருஷங்கள் ஆகும். முதல் ரெண்டுக்கு ஒரு வேர்ட் ஃபைலைத் திருத்தினா போதும். அஞ்சு நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்யாத ஆஸ்பத்திரி, வாசல்ல எத்தனை அடி உயரத்துக்குக் கண்ணாடி வச்சாலும் எனக்கு மரியாதை வராது.

அது வரைக்கும் நம்மகிட்ட இருக்கிறது அந்தக் கேள்வி மட்டும்தான். கல்லீரல், பித்தப்பை பக்கம் ஏதாவது நடந்த ஆளுக்கு அப்புறம் ரத்தம் போனா கேளுங்க: "சிடி ஆஞ்சியோ எடுக்கலாமா? எம்போலைசேஷன் முடியுமா? இங்கே இல்லைன்னா எங்கே?" மரியாதையா, ஆனா பதில் வர்ற வரைக்கும் கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். "நோயாளி ரொம்ப மோசமா இருக்கார், அனுப்ப நேரமில்லை, இப்பவே திறக்கணும்"னு அவர் சொன்னா, அதுவும் ஒரு பதில்தான். கேள்வியை யோசிச்சுட்டுச் சொன்ன பதில். அப்ப கையெழுத்துப் போடுங்க. கேள்வியே இல்லாம நீட்டற ஃபாரத்துல மட்டும் போடாதீங்க.

பி.கு. 1: டாக்டர் பதிவர்களே, மேலே ஏதாவது தப்பா சொல்லியிருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, பதிவுலயே திருத்திடறேன். சர்ஜன்கள் தனி மெயில்லயும் கும்மலாம் :-)

பி.கு. 2: இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிக்கு வாயில நுழையற மாதிரி ஒரு தமிழ்ப் பேர் யாராவது கண்டுபிடிங்கப்பா. பேர் தெரியாத வைத்தியத்தை அவசரத்துல யாரும் கேக்க முடியாது.